தக்காளி ரீலும் 20,000 ரூபாய் கத்தியும்... ஜப்பான் கத்தி மோகத்துக்குப் பின்னால் என்ன நடக்குது?

அந்த ரீல் உங்க போனிலும் வந்திருக்கும். பலகை மேல ஒரு தக்காளி. யாரும் கையால பிடிக்கவே இல்லை. கத்தி படுக்கைவாட்டில் உள்ளே நுழையுது, தக்காளி அசையாம இருக்கு, கண்ணாடித் தாள் மாதிரி ஒரு துண்டு தனியா வருது. கமென்ட்டில் ஆயிரம் பேர் 'லிங்க் ப்ளீஸ்' கேட்டிருப்பாங்க. அதைப் பார்த்து முடிச்ச அஞ்சு நிமிஷத்தில் அல்காரிதம் ஒரு விளம்பரத்தைத் தள்ளும். 'ஜப்பான் மாஸ்டர் கையால் உருவாக்கிய சாமுராய் கத்தி. 70 சதவிகிதம் தள்ளுபடி. இன்று மட்டும் 1,999 ரூபாய்.'

ரீலில் இருந்த கத்திக்கும் விளம்பரத்தில் இருக்கும் கத்திக்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தம் இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனா இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய கதை ஓடிட்டிருக்கு. உலகம் முழுக்க வீட்டில் சமைக்கிறவங்க ஜப்பான் கத்தியைத் தேடும் நேரத்தில், அதைச் செய்யும் பட்டறைகளில் அடுத்து உட்கார ஆள் இல்லை. கேட்கிறவங்க கூடிட்டே போறாங்க. செய்யும் கைகள் குறைஞ்சிட்டே போகுது.

ஏன் இப்போ?

கொரோனா ஊரடங்கில் வெளியே சாப்பிட வழியில்லாமல் போனப்போ வீட்டுச் சமையல் ஒரு ஹாபியா மாறுச்சு. சாவர்டோ ரொட்டி, டல்கோனா காபி வரிசையில் 'நல்ல கத்தி' என்பதும் சேர்ந்துச்சு. மத்ததெல்லாம் மறந்துபோனாலும் கத்தி மட்டும் நின்னுடுச்சு. காரணம் எளிது. ஒரு தடவை நல்ல கூர்மையான கத்தியில் வெங்காயம் நறுக்கினவங்களால பழைய மொட்டைக் கத்திக்குத் திரும்ப முடியாது.

அடுத்தது யென். 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 160 யென்னைத் தாண்டி ஜப்பான் நாணயம் சரிஞ்சது. நம்ம கணக்கில் ஒரு யென் இப்போ சுமார் 60 காசு. வெளிநாட்டுக்காரருக்கு ஜப்பானே ஒரு தள்ளுபடிக் கடை மாதிரி ஆயிடுச்சு. அந்த ஒரே ஆண்டில் மட்டும் 3 கோடியே 68 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் அங்கே போனாங்க. அது அந்த நாடு அதுவரை பார்க்காத எண்ணிக்கை.

அவங்களில் சமையல் பிரியர்கள் தவறாமல் போகும் இடம் டோக்கியோவின் கப்பாபாஷி தெரு. உயேனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவில் இருக்கும் ஏறக்குறைய 800 மீட்டர் நீளத் தெரு அது. ஒரு கட்டடத்தின் உச்சியில் தொப்பி போட்ட சமையல்காரரின் ராட்சதத் தலை இருக்கும், அதுதான் அடையாளம். ஹோட்டல்காரர்கள் தட்டு, கரண்டி, கடை போர்டு வாங்க வரும் மொத்த வியாபாரத் தெருவாக இருந்த இடத்தில், இன்னைக்கு கத்திக் கடைகளில் வெளிநாட்டுக் கூட்டம். 1560-ல் தொடங்கப்பட்டு, இப்போ கியோட்டோ நிஷிகி மார்க்கெட்டில் இருக்கும் அரிட்சுகு கடையிலும் அதே கதைதான். வாங்கும் கத்தியில் உங்க பெயரையே பொறிச்சுக் கொடுப்பாங்க.

கடையில் கையால் அடிச்ச ஒரு வீட்டுக் கத்தி 20,000 யென்னில் தொடங்கி 40,000 யென்னை எட்டும். அதாவது 12,000-லிருந்து 24,000 ரூபாய். நம்ம ஊரில் ஒரு ஸ்மார்ட்போன் விலை. அதைவிட மேலே போகும் கத்திகளும் உண்டு. அதுக்கெல்லாம் மாதக்கணக்கில் காத்திருக்கணும்.

சாமுராய் கதையை கொஞ்சம் ஓரமா வைங்க

எல்லா விளம்பரத்திலும் ஒரு சாமுராய் வந்துடுவார். 1876-ல் மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செஞ்சுது, வாள் செய்தவங்க சமையல் கத்திக்கு மாறினாங்க என்பது உண்மைதான். கிஃபு மாகாணத்தின் செகி ஊருக்கு 700 வருஷத்துக்கும் மேலான வாள் பாரம்பர்யம் உண்டு. ஆனா இதை மட்டும் சொன்னா கதையில் பாதியைத்தான் சொன்னதாகும்.

ஒசாகாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சகாய் நகரத்தை எடுத்துக்குவோம். ஜப்பானின் தொழில்முறைச் சமையல்காரர்கள் கையில் இருக்கும் கத்திகளில் மிகப் பெரும் பங்கு இந்த ஊருடையதுன்னு சொல்வாங்க. இந்த ஊரைக் கத்தி ஊரா ஆக்கினது வாள் இல்லைங்க, புகையிலை. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் ஜப்பானுக்குத் துப்பாக்கியும் புகையிலையும் கொண்டு வந்தாங்க. புகையிலை இலையை முடி போல மெல்லிசா நறுக்க ஒரு கத்தி தேவைப்பட்டுச்சு. சகாய்க்காரங்க செஞ்ச புகையிலைக் கத்தி அவ்வளவு நல்லா இருந்ததால், தோக்குகாவா ஆட்சி அதுக்குத் தனி முத்திரையே கொடுத்துச்சு. இன்னைக்கு நாம பார்க்கும் சகாய் சமையல் கத்தியின் தாத்தா அந்தப் புகையிலைக் கத்திதான்.

எச்சிசென் கதை இன்னும் சுவாரஸ்யம். 1337-ல் கியோட்டோவிலிருந்து வாள் கொல்லர் சியோசுரு குனியாசு, நல்ல தண்ணீர் தேடி இப்போதைய ஃபுக்குயி மாகாணத்துக்கு வந்தார் என்பது அந்த ஊர் மரபு. வாள் அடிச்சவர், பக்கத்து விவசாயிகளுக்கு அரிவாளும் அடிச்சுக் கொடுத்தார். அப்புறம் அரக்குப் பால் எடுக்க ஊர் ஊராப் போன தொழிலாளிகள் அந்த அரிவாளை நாடு முழுக்கக் கொண்டுபோனாங்க. கொச்சி மாகாணத்தின் தோசா கத்திகளோ காட்டில் மரம் வெட்டும் கருவிகளில் இருந்து வந்தவை. வயலும் காடும் புகையிலைக் கடையும் சேர்ந்து வளர்த்த கலை இது. 'வீட்டுக்குள் ஒரு சாமுராய்' என்பது விற்பனைக்காகச் சேர்த்த மசாலா.

இன்னொரு ஆச்சர்யம், இப்போ உலகமே கேட்கும் 'சன்தோக்கு' வடிவம். அதுக்கு ஆயிரம் வருஷ வரலாறெல்லாம் கிடையாது. பல நூற்றாண்டுகள் ஜப்பானில் மாட்டிறைச்சியைப் பெரும்பாலும் தவிர்த்தாங்க. 1872-ல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி சாப்பிட்டது பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட பிறகுதான் மேற்கத்திய பாணிக் கத்தி பரவலா உள்ளே வந்துச்சு. அதுக்கு 'க்யூதோ'ன்னு பெயர். நேர்ப் பொருள், மாட்டுக் கத்தி. வீட்டில் ஏற்கெனவே 'நகிரி' இருந்தது, அது செவ்வகமா இருக்கும் காய்கறிக் கத்தி. இரண்டாம் உலகப் போர் காலத்துக்குப் பிறகு இரண்டையும் கலந்து வீட்டுச் சமையலுக்காகப் பிரபலமானதுதான் சன்தோக்கு. பெயருக்குப் பொருள் 'மூன்று நற்குணங்கள்'. இறைச்சி, மீன், காய்கறி மூணுக்கும் ஒரே கத்தி. நம்ம பாட்டிகளின் வயசுதான் இருக்கும் அதுக்கு.

விலை எங்கே போகுது?

ஒரு கத்தி எப்படிப் பிறக்குதுன்னு தெரிஞ்சா விலை பாதி புரியும். மிருதுவான இரும்பையும் கடினமான எஃகையும் உலையில் சுட வைத்து, நடுவில் வெண்காரப் பொடி தூவி, அடிச்சு ஒண்ணாச் சேர்ப்பாங்க. எஃகு மட்டும் இருந்தா உடைஞ்சிடும், இரும்பு மட்டும் இருந்தா கூர் நிக்காது. அதனால் வெட்டும் இடத்தில் எஃகு, தாங்கும் இடத்தில் இரும்பு. அப்புறம் களிமண் சேறு பூசி, சுமார் 800 டிகிரிக்குச் சூடாக்கி, தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்குவாங்க. அந்த நொடியில்தான் கத்தியின் தலையெழுத்து முடிவாகும். சூடு கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் போச்சு. இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் சூட்டைக் கணிப்பாங்க. கொல்லன் பட்டறை எப்பவும் இருட்டா இருப்பதுக்குக் காரணம் இதுதான், அழகுக்காக இல்லை.

இப்படிச் செஞ்ச கத்தியின் கடினம் ராக்வெல் அளவில் 60-லிருந்து 65 வரை இருக்கும். வழக்கமான ஜெர்மன் கத்தி 56-லிருந்து 58. கடினம் கூடினால் கூரை இன்னும் மெல்லிசா தீட்டலாம். மேற்கத்தியக் கத்தியை ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி கோணத்தில் தீட்டினால், இதை 15 டிகிரி அல்லது அதுக்கும் கீழே தீட்டலாம். அந்தத் தக்காளி ரீலின் ரகசியம் அவ்வளவுதான். ஆனா இதுக்கு ஒரு விலையும் இருக்கு. கடினமான, மெல்லிய கூர் எளிதில் சிதறும். ஜெர்மன் கத்தி வளையும், ஜப்பான் கத்தி பல்லு போகும்.

'கையால் செய்தது'ன்னா மின்சாரமே படாததுன்னு நினைக்க வேண்டாம். பெரும்பாலான பட்டறையில் மின்சாரச் சம்மட்டி இருக்கும். சுத்தியலை மெஷின் தூக்கும். இரும்பை எங்கே வைக்கணும், எப்போ திருப்பணும்னு முடிவு செய்வது கை. சில பட்டறைகள் இரும்பும் எஃகும் ஏற்கெனவே ஒட்டப்பட்ட தகட்டை ஆலையிலிருந்தே வாங்கும். அதுவும் மோசடி இல்லை. எதுவரை கை வேலை என்பதை மறைக்கும்போதுதான் பிரச்னை.

சகாயில் இந்த வேலைகளை ஒரே ஆள் செய்வதில்லை. அடிப்பவர் வேறு, சாணை பிடித்துக் கூர் ஏத்துபவர் வேறு, கைப்பிடி மாட்டுபவர் வேறு. அந்தக் கைப்பிடி மக்னோலியா மரம், அதன் கழுத்தில் எருமைக் கொம்பு. எல்லாத்தையும் ஒருங்கிணைச்சு விற்பவர் மொத்த வியாபாரி. கத்தியில் பொறிக்கப்படும் பெயர் பெரும்பாலும் அந்த வியாபாரியுடையது. முப்பது வருஷம் உலை முன்னால் நின்னவர் பெயர் அதில் இருக்காது. சமீப வருஷங்களில்தான் கடைகள் 'இதை அடித்தவர் இவர், தீட்டியவர் இவர்' என்று எழுதத் தொடங்கியிருக்கு. அதையும் தொடங்கி வெச்சதில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பங்கு உண்டு. என்னைக் கேட்டா, இந்த மோகத்தில் நடந்த உருப்படியான மாற்றம் இதுதான். பெயர் தெரிஞ்சாத்தான் பேரம் பேசும் பலம் வரும்.

ஆனா பெயர் வந்தா மட்டும் போதுமா? ஜப்பானில் 65 வயதைக் கடந்தவங்க மக்கள்தொகையில் 29 சதவிகிதத்துக்கும் மேல். கத்திப் பட்டறையில் அந்த முதுமை இன்னும் அப்பட்டமாத் தெரியும். இந்த வேலையைக் கத்துக்க வருஷக்கணக்கில் ஆகும். கத்துக்கும் காலத்தில் வருமானம் குறைவு. சூடு, தூசு, இரைச்சல். ஒரே ஒருவர் நடத்தும் சின்னப் பட்டறையில் இன்னொரு உலை போட இடம்கூட இருக்காது. வீடுகளுக்கு நடுவில் புதுசா சம்மட்டிச் சத்தம் போட அக்கம் பக்கம் சம்மதிக்கணும்.

இங்கேதான் சாதாரணப் பொருளாதாரம் தோத்துப்போகுது. ஒரு பொருளுக்குக் கிராக்கி வந்தா உற்பத்தி கூடும்னு படிச்சிருப்போம். ஃபேக்டரிக்கு அது சரி, கூடுதலா ஒரு மெஷின் போட்டா போதும். கொல்லருக்கு? இன்னைக்கு ஆர்டர் குவிஞ்சா, அதுக்கான ஆள் பத்து வருஷம் முன்னாடியே வேலைக்குச் சேர்ந்திருக்கணும். சேரலை. அதனால் காத்திருப்பு நீளும், விலை ஏறும், அந்த இடைவெளியில் போலி நுழையும்.

நம்பிக்கை தரும் இடமும் இருக்கு. எச்சிசெனில் தொழில் சரிஞ்ச காலத்தில், 1980-களில் வடிவமைப்பாளர் கசுவோ கவாசாகியோட கைகோத்து புது மாடல்களைச் செஞ்சாங்க. 1993-ல் பல பட்டறைகள் ஒரே கூரைக்குக் கீழே வந்து 'தகேஃபு நைஃப் வில்லேஜ்' உருவாச்சு. உலையும் இயந்திரங்களும் பொது. தனியா கடை போட முடியாத இளைஞன் அங்கே கத்துக்கலாம், பக்கத்து உலைக்காரரிடம் கேட்கலாம், பிறகு சொந்தப் பட்டறை வைக்கலாம். யூ குரோசாகி மாதிரி இன்னைக்கு உலக அளவில் பெயர் வாங்கிய கொல்லர்கள் அங்கிருந்து வந்தவங்கதான். நீகாத்தா மாகாணத்தின் சுபாமே-சன்ஜோவில் 2013 முதல் ஒவ்வொரு வருஷமும் பட்டறைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் விழா நடக்குது. மூடிய கதவுக்குப் பின்னால் அப்பா மகனுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்த தொழில், கதவைத் திறந்த ஊர்களில் கொஞ்சம் மூச்சு விடுது.

வெளியிலிருந்து வரும் அடியும் சேர்ந்திருக்கு. 2025-ல் அமெரிக்கா ஜப்பான் பொருள்களுக்கு முதலில் 24 சதவிகிதம், பிறகு 25 சதவிகிதம்னு மிரட்டி, கடைசியில் ஜூலையில் 15 சதவிகித வரியில் உடன்பாடு செஞ்சது. அதைவிடச் சின்னப் பட்டறையைப் பாதிச்சது இன்னொண்ணு. 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சலுக்கு இருந்த வரி விலக்கை ஆகஸ்ட் 29-ல் எடுத்துட்டாங்க. ஒரு கத்தியை நேரா ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பி, இடைத்தரகர் இல்லாமல் பிழைக்கலாம்னு இப்போதான் கண்டுபிடிச்சிருந்தாங்க. அந்தக் கதவு அவங்க முகத்தில் சாத்தப்பட்டுச்சு.

கத்திக்கான எஃகே கைமாறிடுச்சு தெரியுமா? 'வெள்ளைத் தாள்', 'நீலத் தாள்' என்று இரண்டு புகழ்பெற்ற எஃகு வகைகள் இருக்கு. எஃகின் நிறம் அப்படி இல்லை, சுத்திவரும் காகிதத்தின் நிறம். ஷிமானே மாகாணத்தின் யசுகியில் இதைத் தயாரிச்ச ஹிட்டாச்சி மெட்டல்ஸ் நிறுவனத்தை, அமெரிக்காவின் பெயின் கேப்பிடல் தலைமையிலான கூட்டணி வாங்கி, 2023-ல் 'புரோட்டீரியல்' எனப் பெயர் மாற்றிடுச்சு. உலை ஜப்பானில், முதலீட்டாளர் பாஸ்டனில்.

அந்த 1,999 ரூபாய் கத்தி

இப்போ விளம்பரத்துக்கு வருவோம். இப்படி வரும் கத்திகளில் பல, சீனாவின் கத்தி நகரமான குவாங்டோங் மாகாண யாங்ஜியாங்கில் ஆலைகளில் செய்யப்பட்டவை. யாங்ஜியாங்கைக் கிண்டல் செய்ய வேண்டியதில்லை, அங்கே நேர்மையான விலையில் நல்ல கத்தியும் செய்றாங்க. பிரச்னை அதுக்கு கிமோனோ மாட்டிவிடுவதுதான். 'ஜப்பானிய எஃகு', 'ஜப்பான் ஸ்டைல்', 'ஜப்பானில் தயாரித்தது' என்பவை மூணும் வேற வேற. முதல் இரண்டும் எங்கே வேணாலும் செஞ்சிருக்கலாம். வாங்கும் முன் ஊர் பெயரைத் தேடுங்க. சகாய், செகி, எச்சிசென், சன்ஜோ, தோசா என்று ஊர் சொல்லாத 'ஜப்பான் மாஸ்டர்' பெரும்பாலும் போட்டோஷாப்பில் குடியிருப்பவர்.

அடுத்து, அந்த அலை அலையான கோடு. 'டமாஸ்கஸ்'ன்னு சொல்லி இரட்டை விலை வைப்பாங்க. நிஜமாகவே அடுக்கடுக்காய் ஒட்டிய தகடா இருந்தா, அலை கூருக்குக் கொஞ்சம் மேலேயே நின்னு, அதுக்குக் கீழே நடு எஃகு தனிக் கோடாத் தெரியும். லேசரில் பொறித்த போலியில் அலை கூரின் நுனி வரை ஒரே சீராப் போகும். நிஜமா இருந்தாலும் 33 அடுக்கா, 67 அடுக்கா என்பது வெட்டும் திறனை மாத்தாது. வெட்டுவது நடுவில் இருக்கும் எஃகுதான். மத்தது புடவை பார்டர்.

இந்த 'டமாஸ்கஸ்' என்ற பேச்சில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. மத்திய காலத்தில் அலைக்கோட்டுக்காகப் புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்கள், தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன 'வூட்ஸ்' உருக்கோடு தொடர்புடையவை. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல் அகழாய்வில் உருக்கு செய்த தடயங்கள் கிடைச்சிருக்கு. அந்த வாளின் கோடு உருக்கின் உள்ளேயே உருவானது. இன்றைய கத்தியின் கோடு தகடுகளை ஒட்டி வருவது. பெயர் மட்டும்தான் ஒண்ணு.

சரி, வீட்டுக்கு வாங்கலாமா?

உங்க சமையலைப் பொறுத்தது. தினமும் காய்கறி நறுக்குவீங்க, கத்தியைத் தனியாக் கழுவித் துடைச்சு வைக்கும் பொறுமை இருக்குன்னா, தாராளமா வாங்கலாம். 165 மில்லிமீட்டர் நகிரி அல்லது சன்தோக்கு போதும். முதல் கத்திக்கு, துருப்பிடிக்காத வி.ஜி.10 மாதிரியான எஃகு நல்லது. வெள்ளைத் தாள், நீலத் தாள் எஃகுக் கத்தியில் எலுமிச்சையும் மாங்காயும் நறுக்கி அப்படியே வெச்சா கறுத்துடும், சென்னைக் காத்துக்கு ஒரே ராத்திரியில் துரு எட்டிப்பார்க்கும்.

கோழி எலும்பு, மீன் தலை, ஃப்ரீசரில் இருந்து எடுத்த கல்லு மாதிரி இறைச்சி, தேங்காயைத் தோண்டும் வேலை எதுக்கும் இதைத் தொடாதீங்க. கண்ணாடிப் பலகை, கிரானைட் மேடை இரண்டுமே எதிரி. மரப்பலகை வேணும். வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் கத்தியை எடுத்து பார்சல் கவரும் ஆயில் பாக்கெட்டும் வெட்டுவாங்கன்னா, இந்த ஆசையைத் தள்ளிப்போடுங்க. அந்த வேலைக்கு 200 ரூபாய் கத்திதான் சரியான தோழன்.

முக்கியமா, கத்தியோட சேர்த்து 1000 கிரிட் தண்ணீர்ச் சாணைக்கல் ஒண்ணு வாங்கணும். கல் இல்லாத ஜப்பான் கத்தி ஒரு வருஷத்தில் சாதாரணக் கத்தியாகிடும். தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கவும் முடியாது. வேகமாச் சுத்தும் உலர்ந்த கல்லின் சூட்டில் மெல்லிய கூரின் பதம் போயிடும். யூடியூப் பார்த்து ரெண்டு ஞாயித்துக்கிழமை பழகினா கை வந்துடும். பழைய கத்தியில் முதலில் பழகுங்க. சொல்லப்போனா, பட்ஜெட் இடிக்குதுன்னா அந்தக் கல்லை மட்டும் வாங்கி, வீட்டில் இருக்கும் கத்தியைத் தீட்டிப் பாருங்க. ரீல் அளவுக்கு இல்லைன்னாலும் தக்காளி நசுங்காம நறுக்க அதுவே போதும்.

ஜப்பானுக்கே போய் வாங்கும் திட்டம் இருந்தா ரெண்டு விஷயம். அங்கே 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கத்தியை நியாயமான காரணம் இல்லாமல் கையோடு கொண்டு திரிவது குற்றம். கடையில் சுத்திக் கொடுத்த பேக்கிங்கைப் பிரிக்காமல் ரூமுக்குக் கொண்டுபோங்க, விமானத்தில் செக்-இன் பையில் போடுங்க. இன்னொண்ணு, 10 சதவிகித நுகர்வு வரியைக் கடையிலேயே கழிச்சுக் கொடுக்கும் முறை 2026 நவம்பர் 1 முதல் மாறுது. முழுப் பணமும் கட்டி, கிளம்பும்போது விமான நிலையத்தில் சரிபார்ப்பு முடிஞ்ச பிறகுதான் வரி திரும்ப வரும். பட்ஜெட்டில் அந்த 10 சதவிகிதத்தையும் சேர்த்தே எடுத்து வைங்க.